மடி இருக்கை ஆகாது: காரில் கைக்குழந்தையின் பாதுகாப்பு

கைக்குழந்தையுடன் காரில் புறப்படும்போது, தாயோ பாட்டியோ குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதே நம் வழக்கம். அழுதால் அணைக்கலாம், பசித்தால் பாலூட்டலாம், உறங்கினால் தலையைத் தாங்கலாம் என்பதால், மடியே குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆயினும், ஓடும் வாகனம் மோதி நிற்கும் நொடியில், எவ்வளவு வலிமையான கைகளாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. காரில் குழந்தைக்கெனத் தனி இருக்கை ஏன் தேவை, சட்டம் என்ன கூறுகிறது, அச்சட்டம் கூறாமல் விட்டது என்ன, ஓரிக்கை போன்ற ஊரில் வாழும் குடும்பம் தன் நிலைக்கு ஏற்ப என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

அண்மை நிகழ்வுகள் உணர்த்துவது என்ன?

2024 செப்டம்பர் இறுதியில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கார் ஒன்று டேங்கர் லாரியுடன் மோதியது. முன்னிருக்கையில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை, ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை விரிந்து அழுத்தியதால் உயிரிழந்ததாகச் செய்திகள் வெளியாயின. அடுத்த மாதமே, காரில் குழந்தை இருக்கையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கப்போவதாக அம்மாநில மோட்டார் வாகனத் துறை அறிவித்தது. அக்டோபரில் விழிப்புணர்வு, நவம்பரில் எச்சரிக்கை, டிசம்பரில் அபராதம் என்பது திட்டமாக இருந்தது. சில நாள்களுக்குள், உடனடியாக அபராதம் விதிக்கப்படாது என்று அம்மாநிலப் போக்குவரத்து அமைச்சர் தெளிவுபடுத்தினார்.

இந்நிகழ்வுகளிலிருந்து பெற்றோர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, பெரியவர்களின் உயிரைக் காக்கும் கருவியே கைக்குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்திற்குள் மிகுந்த வேகத்துடன் விரிகிறது. அதன் விசை, பட்டை அணிந்து நிமிர்ந்து அமர்ந்துள்ள பெரியவரின் மார்பைக் கருத்தில்கொண்டு வகுக்கப்பட்டது. இந்தியாவில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையிலும், முன்பயணிக்கான காற்றுப்பை புதிய வகைக் கார்களில் 2021 ஏப்ரலிலும் கட்டாயமாயின. எனவே, இன்று நீங்கள் வாங்கும் அல்லது வாடகைக்கு அமர்த்தும் காரின் முன்னிருக்கைக்கு எதிரே காற்றுப்பை இருக்கும் வாய்ப்பு, பத்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடப் பன்மடங்கு அதிகம். பழைய காரில் முன்னிருக்கையில் குழந்தையை வைத்துப் பழகிய குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அபராதம் வருமா வராதா என்பது குழந்தையின் பாதுகாப்புக்கு அளவுகோல் ஆகாது. சட்டத்தின் நடைமுறை ஒத்திவைக்கப்படலாம். மோதலின் விளைவை ஒத்திவைக்க முடியாது.

சட்டம் என்ன கூறுகிறது?

2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 194பி பிரிவு, 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, 14 வயது நிறைவடையாத குழந்தையைச் சீட் பெல்ட் அல்லது குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை அமைப்பு இன்றி வாகனத்தில் அழைத்துச் சென்றால், ஓட்டுபவருக்கோ அவ்வாறு ஓட்ட அனுமதித்தவருக்கோ 1,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். உயர்த்தப்பட்ட அபராதத் தொகைகளைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது.

பிரிவில் உள்ள ‘அல்லது’ என்ற சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். பெரியவர்களுக்கான சீட் பெல்ட், ஏறத்தாழ 145 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள உடலுக்கே சரியாகப் பொருந்தும். பத்து முதல் பன்னிரண்டு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் அந்த உயரத்தை எட்டுவதில்லை. சிறு குழந்தைக்கு அதே பட்டையை அணிவித்தால், குறுக்குப் பட்டை கழுத்தையும், இடுப்புப் பட்டை வயிற்றையும் அழுத்தும். மோதலின்போது குடல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவை காயமடையலாம். கைக்குழந்தைக்கோ அதை அணிவிக்கவே இயலாது. ஆகவே, சட்டம் இரு வழிகளைக் கூறினாலும், கைக்குழந்தையைப் பொறுத்தவரை எஞ்சுவது ஒரே வழிதான்: குழந்தை இருக்கை.

தாயும் குழந்தையும் சேர்ந்து ஒரே பட்டையை அணிவதும் தவறு. மோதலில் தாயின் உடல் எடை முழுவதும் குழந்தையின் மீது இறங்கி, பட்டைக்கும் தாய்க்கும் இடையே குழந்தை நசுங்கும்.

கைகளால் ஏன் பிடித்துக்கொள்ள முடியாது?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் எதிலேனும் மோதினால், ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. 7 கிலோ எடையுள்ள ஆறு மாதக் குழந்தையை அந்த நேரத்தில் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தாங்கும் விசை தேவை. அதுவும் எதிர்பாராத கணத்தில் தேவை. வேறுவிதமாகக் கூறினால், அந்த வேகத்தில் நேரும் மோதல், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

‘ஊருக்குள்தானே, மெதுவாகத்தானே செல்கிறோம்’ என்ற எண்ணமும் பொதுவானது. மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும் இந்த உயரம் 6 மீட்டருக்கு மேல். ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் நகருக்குள் செல்லும் குறுகிய பயணத்திலும் இந்த வேகம் இயல்பாக எட்டப்படுகிறது. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை அடைந்ததும் வேகம் இருமடங்காகிறது. மோதலின் ஆற்றலோ நான்கு மடங்காகிறது.

இதன் பின்னணியில் உள்ள எண்ணிக்கையும் சிறியதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு மாநிலங்களிலேயே மிக அதிகமாகத் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் உயிரிழந்தனர். குழந்தை இருக்கையைப் பயன்படுத்துவதால் கைக்குழந்தைகளின் உயிரிழப்பு 71 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குழந்தை ஏன் பின்னோக்கி அமர வேண்டும்?

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலையே. கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இன்னும் உறுதி பெறாதவை. முன்னோக்கி அமர்ந்துள்ள குழந்தையின் உடலைப் பட்டை பிடித்துக்கொண்டாலும், கனமான தலை முன்னோக்கி வீசப்பட்டுத் தண்டுவடம் இழுபடும். குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்த்தவாறு அமைந்தால், நேர்மோதலின்போது தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றையும் இருக்கையின் முதுகுப்பகுதி ஒருசேரத் தாங்கிக்கொள்ளும்.

ஆர் 129 எனப்படும் ஐக்கிய நாடுகளின் தரவிதி, 15 மாதம் வரை பின்னோக்கிய அமர்வைக் கட்டாயமாக்குகிறது. இருக்கையில் குறிப்பிட்டுள்ள எடை, உயர வரம்பு அனுமதிக்கும்வரை, அதாவது இரண்டு வயது அல்லது அதற்கு மேலும், பின்னோக்கியே அமர்த்துவது மேலும் நல்லது. கால்கள் மடங்கியிருப்பதைக் கண்டு, குழந்தை ‘வளர்ந்துவிட்டது’ என்று முன்கூட்டியே திருப்பி அமர்த்த வேண்டாம்.

எந்த இருக்கையைத் தேர்ந்தெடுப்பது?

விலை, வண்ணம் ஆகியவற்றுக்கு முன் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்.

ஒன்று: தரச்சான்று உள்ளதா? இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072, அல்லது ஐக்கிய நாடுகளின் ஆர் 44, ஆர் 129 ஆகியவற்றுள் ஒன்றின் முத்திரை இருக்கையின் உடலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆர் 44 வகையில் எடைப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கும். ‘0+’ என்பது 13 கிலோ வரையிலான குழந்தைகளுக்கும், ‘1’ என்பது 9 முதல் 18 கிலோ வரையிலான குழந்தைகளுக்கும் உரியது. ஆர் 129 வகையில் குழந்தையின் உயரம் குறிக்கப்பட்டிருக்கும். இவ்வகை, பக்கவாட்டு மோதலுக்கும் சோதிக்கப்படுகிறது. முத்திரை இல்லாத மெத்தைகள், துணித் தொட்டில்கள், தரையில் வைக்கும் கூடைகள் ஆகியவை காருக்கு உரிய இருக்கைகள் அல்ல.

இரண்டு: உங்கள் குழந்தையின் இப்போதைய எடைக்கும் உயரத்துக்கும் பொருந்துமா? ‘பிறந்தது முதல் 12 வயது வரை’ என்ற அறிவிப்பை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பச்சிளங்குழந்தையை அதில் அமர்த்தினால் தோள்பட்டையின் உயரம் சரியாக அமைகிறதா என்று நேரில் பாருங்கள்.

மூன்று: நீங்கள் பயணிக்கும் காரில் பொருந்துமா? சொந்தக் கார் உடையவர்கள், பின்னிருக்கையின் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் எனப்படும் இரும்புக் கொக்கிகள் உள்ளனவா என்று பாருங்கள். அவை இருப்பின், அதற்கேற்ற இருக்கையைப் பிழையின்றிப் பொருத்துவது எளிது. ஓரிக்கையின் நெசவாளர் குடும்பங்கள் பலவற்றைப் போல, திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் வாடகைக் கார் அமர்த்துபவர்கள், சீட் பெல்ட்டாலேயே கட்டக்கூடிய, கைப்பிடியுள்ள 0+ வகை இருக்கையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எடை குறைவான அதை எந்தக் காருக்கும் எடுத்துச் செல்லலாம்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் மோதல் சோதனையில், குழந்தைப் பாதுகாப்புக்கு எனத் தனியே 49 புள்ளிகள் வரை வழங்கப்படுகின்றன. கார் வாங்குவோர் இதைப் பார்ப்பது பயனுள்ளது. ஆயினும், அச்சோதனையில் குழந்தையின் பொம்மை உருவம் முறையாகப் பொருத்திய குழந்தை இருக்கையிலேயே அமர்த்தப்படுகிறது. இருக்கை இல்லாமல் மடியில் பயணிக்கும் குழந்தைக்கு அந்த நட்சத்திரங்கள் எந்தக் காப்பும் அளிப்பதில்லை.

உறவினர் பயன்படுத்திய இருக்கையைப் பெறலாமா? அது விபத்தில் சிக்கியதில்லை என்று நீங்கள் உறுதியாக அறிந்திருந்தால், பட்டைகளும் பூட்டும் பழுதின்றி இருந்தால், அடிப்பகுதியில் பொறித்துள்ள பயன்பாட்டுக் காலம் முடியாதிருந்தால், பெறலாம். அக்காள், தங்கை குடும்பங்கள் ஓர் இருக்கையை முறைவைத்துப் பயன்படுத்துவது செலவைக் குறைக்கும் நல்ல வழி. முன்விவரம் தெரியாத பழைய இருக்கையைத் தவிர்க்கவும்.

பொருத்தும்போதும் அமர்த்தும்போதும் கவனிக்க வேண்டியவை

• பின்னிருக்கையிலேயே பொருத்துங்கள். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில், பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது.

• பல கார்களில், பின்னிருக்கை மேலுறையின் அடியில் சீட் பெல்ட்டின் பூட்டு மறைந்து கிடக்கிறது. வாடகைக் காரை அமர்த்தும்போதே, பின்பட்டைகளை வெளியே எடுத்து வைக்குமாறு ஓட்டுநரிடம் கூறுங்கள்.

• பொருத்திய பின், பட்டை செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் மீண்டும் இறுக்குங்கள்.

• பின்னோக்கிய அமர்வில், தோள்பட்டைகள் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ தொடங்க வேண்டும். முன்னோக்கிய அமர்வில், தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ தொடங்க வேண்டும்.

• பட்டையை இறுக்கிய பின், காறையெலும்பின் மேல் அதை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் பட்டை தளர்வாக உள்ளது என்று பொருள்.

• துணியில் சுற்றிய நிலையில் குழந்தையை அமர்த்த வேண்டாம். சுற்றுத்துணியை அவிழ்த்து, கால்களுக்கு இடையே பட்டை செல்லுமாறு பூட்டிய பின், மேலே மெல்லிய துணியைப் போர்த்துங்கள். விழா நாள்களில் கொசுவம் மிகுந்த கனத்த பட்டுப்பாவாடையும் பட்டையின் கீழ் மடிந்து தளர்வை உண்டாக்கும். பயணத்தின்போது பருத்தியாடை அணிவித்து, சென்று சேர்ந்த பின் பட்டாடை உடுத்தலாம்.

• பாலூட்டவும் துணி மாற்றவும் காரை நிறுத்துங்கள். ‘ஒரு நிமிடம்’ என்று ஓடும் காரில் குழந்தையைப் பட்டையிலிருந்து எடுப்பது, இருக்கையின் பயனை முற்றிலும் இழப்பதாகும்.

மூச்சும் வெப்பமும்

குழந்தை இருக்கை பயணத்துக்கு மட்டுமே உரியது. அது தொட்டில் ஆகாது. கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னே சாய்ந்து, தாடை மார்பில் படிந்தால், மூச்சுக்குழல் ஒடுங்கும். ஆகவே, பிறந்த முதல் வாரங்களில் பயணத்தை இயன்றவரை 30 நிமிடங்களுக்குள் அமைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்துக் கிடத்துங்கள். பெரியவர் ஒருவர் பின்னிருக்கையில் அருகில் அமர்ந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்தவாறு வருவது நன்று. வீட்டை அடைந்ததும், உறங்கும் குழந்தையை இருக்கையிலேயே விட்டுவிடாமல் சமதளப் படுக்கைக்கு மாற்றுங்கள்.

37 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகள், எடை குறைந்த குழந்தைகள், மூச்சு அல்லது இதயக் குறைபாடு உள்ள குழந்தைகள் ஆகியோரை அரைச்சாய்வு நிலையில் அமர்த்தலாமா என்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரக்கூடும். அதில் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே உயர்ந்துவிடும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படாது. கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ, ஒரு நிமிடத்துக்கும் குழந்தையைக் காரில் தனியே விட வேண்டாம். குழந்தையை அமர்த்தும் முன், இருக்கையின் உலோகப் பூட்டு சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

சொந்தக் கார் இல்லாத குடும்பங்கள் என்ன செய்யலாம்?

குழந்தை இருக்கையின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரம் வரை செல்கிறது. எல்லாக் குடும்பங்களாலும் உடனே வாங்க இயலாது. செலவின்றிச் செய்யக்கூடியவையும் உண்டு.

அரசு மருத்துவமனையில் மகப்பேறு முடிந்து வீடு திரும்பும் தாய்க்கும் சேய்க்கும், 2011இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ்க் கட்டணமில்லா ஊர்தி வசதி உண்டு. தமிழ்நாட்டில் இது 102 தாய் சேய் நல ஊர்தி என அறியப்படுகிறது. பிறந்த சில நாள்களேயான குழந்தையை ஆட்டோவிலோ இருசக்கர வாகனத்திலோ அழைத்து வருவதைவிட இதைப் பயன்படுத்துவது நல்லது. உங்கள் வார்டின் செவிலியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சென்னை எழும்பூரிலுள்ள குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் தொடர்சிகிச்சைக்காகச் செல்வோருக்கு, காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரை வரை செல்லும் மின்தொடர் வண்டி உள்ளது. அது எழும்பூரில் நிற்கும். குழந்தை இருக்கையில்லாத காரில் நெடுஞ்சாலையில் செல்வதைவிட, ரயில் பயணம் குழந்தைக்குப் பாதுகாப்பானது. பேருந்தில் செல்வதாயின், படிக்கட்டுக்கு அருகிலும் முன்வரிசையிலும் அமராமல், நடுப்பகுதியில் அமருங்கள்.

தவிர்க்க இயலாமல் இருக்கையில்லாத காரில் செல்ல நேர்ந்தால், பின்னிருக்கையில் மட்டும் அமருங்கள். குழந்தையை வைத்திருப்பவர் முதலில் தாம் பட்டையை அணிந்துகொண்டு, குழந்தையைப் பட்டைக்கு வெளியே அணைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைக்குமாறு ஓட்டுநரிடம் கூறுங்கள். இரவுப் பயணத்தைத் தவிருங்கள். இது ஆபத்தைச் சிறிது குறைக்குமே அன்றி நீக்காது.

இருசக்கர வாகனத்துக்கும் விதி உண்டு. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த விதியின்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவருடன் பாதுகாப்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் கவசம் அணிவிக்க வேண்டும். வேகம் மணிக்கு 40 கி.மீ. மிகக் கூடாது. 9 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் கழுத்து தலைக்கவசத்தின் எடையைத் தாங்காது. எனவே அவ்வயதுக் குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்லாதிருப்பதே முறை.

விபத்து நேர்ந்தால்

உடனே 108 எண்ணை அழையுங்கள். தீ, புகை போன்ற ஆபத்து இல்லை என்றால், குழந்தையின் மூச்சும் சீராக இருந்தால், உதவி வரும்வரை குழந்தையை இருக்கையிலிருந்து அவசரமாக வெளியே இழுக்க வேண்டாம். கழுத்தில் காயம் இருக்கக்கூடும். மூச்சுத் திணறினால் உடனே வெளியே எடுத்து, தலையும் கழுத்தும் உடலுடன் நேர்க்கோட்டில் இருக்குமாறு தாங்கிப் பிடியுங்கள்.

வெளிக்காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பால் குடிக்க மறுத்தல், தேற்ற இயலாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு, காது மூக்கிலிருந்து நீர் அல்லது இரத்தம் வடிதல், கை காலை அசைக்காதிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது அவசர நிலை. உடனே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் நேரும் சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு, அவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிடப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பணம் இல்லை என்பதற்காகக் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் காலம் தாழ்த்த வேண்டாம்.

விபத்தில் சிக்கிய காரில் இருந்த குழந்தை இருக்கை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அதை மீண்டும் பயன்படுத்தாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள்.